படகில் யார், எந்த இடத்தில்? தேசக் கதையைக் கேள்வி கேட்கும் ஓவியங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி

ஜார்ஜ் வாஷிங்டன் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவின் செர்ரி மரத்தைக் கோடரியால் வெட்டிவிட்டு, பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்ட கதை நமக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாராவது ஒரு வாத்தியார் சொல்லியிருப்பார். செர்ரி மரத்தைக் கண்ணால் பார்த்திராத நாமே அதைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம் என்றால், அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், வாஷிங்டன் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1806ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அந்தக் கதை முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

1939இல் கிராண்ட் வுட் என்ற அமெரிக்க ஓவியர் இதைப் படமாக வரைந்தார். படத்தின் முன்பக்கம் வீம்ஸ் பாதிரியார் நாடகத் திரையை விலக்குவதுபோல ஒரு திரையை விலக்கிக் காட்டுகிறார். உள்ளே அப்பா, வெட்டுப்பட்ட மரம், கோடரியோடு குட்டி வாஷிங்டன். அந்தக் குட்டிப் பையனின் உடம்பில் இருப்பது ஒரு டாலர் நோட்டில் நாம் பார்க்கும் அதே கிழட்டுத் தலை! நான் முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். வெகுநாள் கழித்து மறுபடி பார்க்கும்போதுதான் பின்புறம் தெரிந்தது. தூரத்தில் இன்னொரு செர்ரி மரம். அதில் இரண்டு கறுப்பினத்தவர் பழம் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மரத்தை வெட்டியதற்காக முன்னால் இத்தனை பெரிய நாடகம் நடக்கிறது. பின்னால் இரண்டு அடிமைகள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். வாஷிங்டனுக்குப் 11 வயதில் அப்பா இறந்தபோது சொத்தாக வந்தவர்களில் பத்து அடிமைகளும் உண்டு என்பது தெரிந்தபின், அந்தப் படத்தைப் பார்த்துப் பழையபடி சிரிக்க முடியவில்லை.

இந்த மாதிரி ஓவியங்களைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கலை வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, பென்சில், இரண்டு மூன்று கலர் பிரிண்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.

முதலில், ஒரே ஒரு படத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் செய்யும் தவறு, 'எதிர்ப்புக் கலை' என்று தேடி நூறு படங்களை ஒரே மூச்சில் பார்த்துவிடுவது. எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் கத்துவதுபோல இருக்கும். எதுவும் மனதில் நிற்காது. அதற்குப் பதிலாக, பலபேர் திரும்பத் திரும்பப் பதில் சொல்லியிருக்கிற ஒரு பழைய படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது இமானுவேல் லொய்ட்சே 1851இல் வரைந்த 'டெலவேர் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டன்'. பிரிட்டனை எதிர்த்து அமெரிக்கர்கள் நடத்திய விடுதலைப் போரில் ஓர் இரவு அது. பனிக்கட்டி மிதக்கும் ஆறு, படகில் நிமிர்ந்து நிற்கும் தளபதி, பின்னால் கொடி. அமெரிக்கப் பாடப்புத்தகங்களிலும் பள்ளிச் சுவர்களிலும் தலைமுறை தலைமுறையாக இருந்த படம். நம் வீட்டில் காலண்டர் சாமி படம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் இதற்கு இத்தனை பேர் பதில் வரைந்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாத படத்தைக் கிண்டல் செய்து என்ன பயன்?

மூலப்படத்தோடு அரை மணி நேரம்

பதில் படங்களுக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். மூலம் தெரியாமல் பதிலைப் பார்த்தால் பாதி நகைச்சுவை காற்றில் போய்விடும். லொய்ட்சேயின் படம் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அவர்களுடைய தளத்திலேயே பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கும். இறக்கி, கலரில் ஒரு பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது நோட்டில் எழுத வேண்டியவை: யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் துடுப்புப் போடுகிறார், வெளிச்சம் யார் மேல் விழுகிறது, யாருடைய முகம் முழுதாகத் தெரிகிறது. பெயர்கள் வேண்டாம், இப்போதைக்கு ஆட்களை எண்ணினால் போதும். ஒரு வெள்ளைத்தாளில் சின்னச் சதுர ஓட்டை வெட்டி, அதைப் படத்தின் மேல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். விளையாட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் கண் தானாக வாஷிங்டனிடம் ஓடுவதைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஓட்டை வழியாகப் பார்த்தால் படகில் ஒரு சின்ன ஊரே இருப்பது தெரியும். ஸ்காட்லாந்துத் தொப்பி போட்ட ஒருவர். வாஷிங்டனின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினத்தவர், முகம் பாதிதான் தெரியும். எல்லைப்புற வேட்டைக்காரர் உடையில் ஒருவர். பூர்வகுடி மக்களின் உடையில் ஒருவர். சிவப்புச் சட்டை போட்ட ஒருவர். அது ஆணா பெண்ணா என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். 'எல்லோரும் ஒரே படகில்' என்பதைத்தான் ஓவியர் சொல்ல வருகிறார். நிற்பவர் யார், துடுப்புப் போடுபவர் யார் என்பதையும் அதே படம் சொல்லிவிடுகிறது, ஓவியர் நினைத்தாரோ இல்லையோ. இந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் கைவைத்தார்கள்.

தவறுகளைப் பட்டியல் போடுவதில் சிக்கிக்கொள்ளாதீர்கள்

இணையத்தில் இந்தப் படத்தைப் பற்றித் தேடினால் முதலில் வருவது பிழைகள்தான். படத்தில் பறக்கும் நட்சத்திரக் கொடி 1777 ஜூனில்தான் ஏற்கப்பட்டது. ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பர் 25 இரவு. கடந்தது இருட்டில், படத்திலோ விடியல் வெளிச்சம். உண்மையில் பயன்பட்ட படகுகள் இதைவிடப் பெரியவை. இதெல்லாம் சரிதான். ஆனால் இதோடு நிறுத்தினால் வினாடி வினாவுக்குத்தான் உதவும். ஆற்றைக் கடந்ததும் மறுநாள் டிரென்டனில் ஜெயித்ததும் நடந்த விஷயங்கள். நடந்த ஒன்றை எப்படி நிற்க வைத்து, யாரை நடுவில் வைத்துச் சொன்னார்கள் என்பதில்தான் கதை கட்டுவது இருக்கிறது.

அதனால் பிழைகளை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: யார், எங்கே இருந்து, யாருக்காக வரைந்தார்? இங்கே விடை வேடிக்கையாக இருக்கும். லொய்ட்சே ஜெர்மனியில் பிறந்தவர். சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, பிறகு படிக்க ஜெர்மனிக்கே திரும்பியவர். இந்தப் படத்தை வரைந்தது டூசல்டார்ஃப் நகரில். 1848இல் ஐரோப்பாவில் எழுந்த மக்கள் புரட்சிகள் தோற்றுப்போயிருந்த நேரம். சோர்ந்துபோன தன் ஊர்க்காரர்களுக்குத் தெம்பு கொடுக்க அமெரிக்கக் கதை ஒன்றை எடுத்தார். வாஷிங்டன் அந்த இரவில் அடிக்கப் போனதோ பிரிட்டன் அமர்த்திய ஜெர்மானியக் கூலிப்படையை! முதல் பிரதி ஸ்டூடியோவில் தீப்பட்டு, பழுதுபார்க்கப்பட்டு, பிரெமன் நகர அருங்காட்சியகத்துக்குப் போய், 1942இல் நேச நாடுகளின் குண்டுவீச்சில் அழிந்தது. நாம் பார்ப்பது இரண்டாம் பிரதி. இப்படி ஒரு ஜெர்மன்காரர் ஜெர்மனியில் உட்கார்ந்து ஜெர்மானியர்களை மனதில் வைத்து வரைந்ததுதான் அமெரிக்காவின் தேசப்படம் ஆயிற்று.

முதல் பதில்: மூன்று பாட்டிகளும் ஒரு தேநீர்க் கோப்பையும்

இப்போது பதில்களுக்கு வரலாம். செர்ரி மரப் படம் வரைந்த அதே கிராண்ட் வுட், 1932இல் 'புரட்சியின் புதல்விகள்' என்று ஒரு படம் வரைந்தார். சின்சினாட்டி கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று வயதான பெண்மணிகள் வரிசையாக நின்று நம்மைப் பார்க்கிறார்கள். உதட்டில் சிரிப்பும் இல்லை, சிரிப்பு இல்லாமலும் இல்லை. ஒருவரின் எலும்பும் தோலுமான விரல்களில் நீலச் சித்திரம் போட்ட ஒரு தேநீர்க் கோப்பை. அவர்களுக்குப் பின்னால் சுவரில், நிறம் மங்கி, லொய்ட்சேயின் படகு.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. வுட் தன் ஊர் நினைவு மண்டபம் ஒன்றுக்கு வண்ணக் கண்ணாடிச் சன்னல் செய்து கொடுத்தார். கண்ணாடி வேலை ஜெர்மனியில் மூனிக் நகரில் நடந்தது. முதல் உலகப்போரில் எதிரியாக இருந்த நாட்டில் செய்த சன்னலா என்று 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' அமைப்பைச் சேர்ந்தவர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். புரட்சியில் பங்கெடுத்தவரின் வழித்தோன்றல் என்று காட்டினால்தான் அந்த அமைப்பில் சேர முடியும். அரச குடும்பமும் பிரபுக்களும் வேண்டாம் என்று சண்டை போட்ட நாட்டில், வம்சம் பார்த்து ஆள் சேர்க்கும் சங்கம்! வுட் பதில் ஒன்றும் பேசவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஜெர்மனியில் வரைந்த அந்தப் படத்தை மாட்டிவிட்டார். தேநீருக்கு வரி போட்டதை எதிர்த்துத் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்களின் வாரிசுகள் கையில், ஆங்கிலேயர் பிரபலமாக்கிய சித்திர வேலைப்பாடு போட்ட ஒரு தேநீர்க் கோப்பையையும் கொடுத்துவிட்டார்.

இதே அமைப்புதான் 1939இல் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்குத் தன் அரங்கத்தைத் தர மறுத்தது. அவர் லிங்கன் நினைவிடப் படிக்கட்டில் நின்று பாட, சுமார் 75,000 பேர் கூடிக் கேட்டார்கள். வுட் படம் வரைந்து ஏழு வருடம் கழித்து நடந்தது இது.

இந்தப் படத்தில் பழக வேண்டியது: கைகளையும் கையில் இருக்கும் பொருளையும் பாருங்கள். முகத்தில் எதையும் காட்டாத ஓவியர்கள் கையில் காட்டிவிடுவார்கள்.

பக்கத்தில் வைத்து இரண்டு பத்தி போடுங்கள்

நோட்டின் ஒரு பக்கத்தில் நடுவே கோடு இழுத்து, இடதுபக்கம் 'அப்படியே இருப்பது', வலதுபக்கம் 'மாறியது' என்று எழுதுங்கள். இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான படம் ராபர்ட் கோல்ஸ்காட் 1975இல் வரைந்தது. தலைப்பே நீளம்: 'ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் டெலவேர் ஆற்றைக் கடக்கிறார்: அமெரிக்க வரலாற்றுப் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கம்'.

இடது பத்தி சீக்கிரம் நிறைந்துவிடும். அதே ஆறு, அதே பனிக்கட்டி, அதே படகு, அதே கொடி, நடுவில் நிற்கும் அதே நாயகத் தோரணை. வலது பத்தியில்தான் சங்கடம். தளபதியின் இடத்தில் நிற்பவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அடிமையாகப் பிறந்து வேளாண் விஞ்ஞானியானவர். பருத்தி உறிஞ்சி வறண்டுபோன தென்மாநில மண்ணில் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் மாற்றிப் பயிரிடச் சொல்லிக்கொடுத்தவர். சரி, நல்ல விஷயம்தானே என்று நினைக்கும்போதே சுற்றி இருப்பவர்கள் கண்ணில் படுவார்கள். பாஞ்சோ மீட்டிக்கொண்டு ஒருவர், சமையல்காரத் தொப்பியோடு ஒருவர், சாராயத்தை அண்ணாந்து குடிக்கும் ஒருவர், பேன்கேக் மாவு பாக்கெட்டில் சிரித்துக்கொண்டிருந்த ஆன்ட் ஜெமைமா. வெள்ளையர்கள் விளம்பரத்திலும் மேடையிலும் கறுப்பினத்தவரை எப்படியெல்லாம் கேலிச்சித்திரமாக்கினார்களோ, அந்தப் பொம்மைகள் அத்தனையும் பல்லைக் காட்டிக்கொண்டு படகில்.

இங்கே புதியவர்கள் இரண்டில் ஒன்று செய்வார்கள். சிலர் 'இது இனவெறிப் படம்' என்று மூடிவிடுவார்கள். சிலர் 'வரைந்தவரே கறுப்பினத்தவர், அதனால் பரவாயில்லை' என்று சமாதானமாகிவிடுவார்கள். இரண்டுமே அவசரம். ஓவியரின் பிறப்பைக் காட்டிப் படத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது எனக்குச் சோம்பேறித்தனமாகவே படுகிறது. கறுப்பினப் பார்வையாளர்களிலேயே பலருக்குக் கோல்ஸ்காட்டின் படங்கள் உறுத்தின என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

தலைப்பின் பின்பாதிக்குத் திரும்புங்கள்: பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பக்கம். அது 1975. மறு ஆண்டு நாட்டின் இருநூறாவது ஆண்டு விழா. ஊரெல்லாம் வாஷிங்டன் படம். அந்தக் காலத்துப் பாடப்புத்தகங்களில் கறுப்பினத்தவரையும் சேர்க்க வேண்டும் என்று கோரிக்கை வந்தபோது, ஒப்புக்குச் சேர்த்த ஓரிரு பெயர்களில் கார்வரும் ஒருவர். ஒரு பெயரைச் சேர்த்தாயிற்று, படகை மாற்றவில்லை. மற்றவர்களை எந்தப் பொம்மை வடிவத்தில் மனதில் வைத்திருந்தார்களோ அது அப்படியே இருக்கிறது. கோல்ஸ்காட் அந்த அலமாரியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் நடுக்கூடத்தில் கொட்டிவிட்டார். இப்படி நான் படிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரிப் படிக்கலாம். ஆனால் உங்கள் வலது பத்தியில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். பாஞ்சோக்காரரை விட்டுவிட்டு விளக்கம் சொன்னால் அது விளக்கம் ஆகாது.

இந்தப் படம் காப்புரிமையில் இருப்பதால் பெரிய கோப்பு கிடைக்காது. ஓவியரின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தேடினால் வரும் சின்னப் படமே பத்தி போடப் போதும்.

அளவை மறக்காதீர்கள்

போன் திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு. இது பெரிய ஏமாற்று. லொய்ட்சேயின் படம் ஏறத்தாழ 378 சென்டிமீட்டர் உயரம், 648 சென்டிமீட்டர் அகலம். வீட்டுக் கூடத்தின் ஒரு சுவர் முழுக்கப் போட்டாலும் மேலே இடிக்கும். ஜேக்கப் லாரன்ஸ் என்ற கறுப்பின ஓவியர் 1954இல் இதே இரவை வரைந்த படமோ சுமார் 30க்கு 40 சென்டிமீட்டர்தான், ஒரு விரித்த நோட்டுப் புத்தகம் அளவு. அமெரிக்க மக்களின் போராட்டங்கள் பற்றி அவர் வரைந்து முடித்த 30 படங்களில் அது பத்தாவது. குளிரில் ஒடுங்கிய உருவங்கள், ஊசி மாதிரி நீட்டிய துப்பாக்கிக் கத்திகள், படகை விழுங்க வரும் அலை. வாஷிங்டன் எங்கே என்று தேடினால் கிடைக்க மாட்டார். தலைப்பில்கூட அவர் இல்லை. அந்தக் கடும் இரவை முணுமுணுக்காமல் தாங்கிய ஆட்களைப் பற்றி அப்போது எழுதப்பட்ட கடிதத்தின் வரிகளைத்தான் தலைப்பாக வைத்தார்.

ஆகவே ஒரு படம் கிடைத்தவுடன் அதன் அளவைப் பார்த்து, தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து பாருங்கள். மாடி இருந்தால் வசதி. லாரன்ஸின் படத்தையும் லொய்ட்சேயின் படத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்தால் பேச்சே வேண்டியிருக்காது.

அளவுக்கு அளவு என்று பதில் சொன்னவரும் உண்டு. கென்ட் மங்க்மன், கனடாவின் கிரீ பூர்வகுடியைச் சேர்ந்த ஓவியர். 2019 டிசம்பரில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் நுழைவுக்கூடத்தில் அவருடைய இரண்டு ஓவியங்கள் ஏறின. ஒவ்வொன்றும் 11 அடிக்கு 22 அடி. ஒன்றில் லொய்ட்சேயின் படகு. நிற்பது மிஸ் சீஃப் என்ற அவருடைய கற்பனைப் பாத்திரம், ஆண் பெண் என்ற பிரிப்புக்குள் அடங்காதவர், கையில் கழுகு இறகு, காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. படகில் இருப்பவர்கள் கடலில் தத்தளிப்பவர்களைத் தூக்கி ஏற்றுகிறார்கள். தூரத்தில் ஒரு பாறை, அதன் மேல் துப்பாக்கியோடு சிலர். இரண்டு ஓவியங்களுக்கும் சேர்த்து வைத்த பெயர் ஒரு கிரீ சொல்; 'மரப்படகு ஆட்கள்' என்று பொருள், வந்திறங்கிய ஐரோப்பியரை அவர்கள் அழைத்த பெயர். படகில் வந்தவர் யார், கரையில் நின்றவர் யார் என்று அந்த ஒரு சொல்லே கேட்டுவிடுகிறது. லொய்ட்சேயின் அசல் அதே கட்டடத்தில் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

ரோஜர் ஷிமொமுராவின் 2010ஆம் ஆண்டுப் படத்தையும் இந்த வரிசையில் சேர்த்துப் பாருங்கள். சியாட்டிலில் பிறந்த அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்தால் முகாமில் அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 பேரில் அவரும் ஒரு குழந்தை. வாஷிங்டன் இடத்தில் அவரே நிற்கிறார், சுற்றிலும் சாமுராய்கள், அலைகள் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படத்தில் வருவது போல. வாஷிங்டன் நகரில் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

யார் வாங்கினார் என்றும் பாருங்கள்

ஏற்றத்தாழ்வைப் பற்றிய ஓவியம் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று கேட்பதில் தப்பில்லை. கோல்ஸ்காட்டின் அந்தப் படம் 2021 மே மாதம் ஏலத்தில் 1.53 கோடி டாலருக்குப் போனது. வாங்கியது லாஸ் ஏஞ்சலிஸில் அமையும் லூகாஸ் அருங்காட்சியகம், ஆகவே பொதுமக்கள் பார்க்க வழியுண்டு. ஓவியர் 2009இலேயே இறந்துவிட்டார். விலை ஏறியதால் படம் கூர்மை இழந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அந்த எண்ணையும் நோட்டில் ஒரு ஓரமாக எழுதி வையுங்கள்.

கடைசியாக, கொஞ்சம் கிறுக்குங்கள்

வரையத் தெரிய வேண்டாம். லொய்ட்சேயின் படகில் இருப்பவர்களைக் குச்சி மனிதர்களாகப் போடுங்கள்: ஒரு வட்டம், ஒரு கோடு, கையில் துடுப்பு இருந்தால் இன்னொரு கோடு. அப்புறம் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் முதலில் வாஷிங்டனை அழித்தேன். படகு அப்படியே போய்க்கொண்டிருந்தது, ஆனால் படம் சரிந்துவிட்டது. கொடியும் துடுப்புகளும் சேர்ந்து ஒரு முக்கோணக் கூடாரம் போல நிற்பதும், அதன் நடுக்கம்பாக அவர் இருப்பதும் அப்போதுதான் பிடிபட்டது. அடுத்த தாளில் அவரை உட்கார வைத்து, முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் துடுப்புக்காரரை எழுந்து நிற்க வைத்தேன். இப்போது துடுப்பை யார் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை. வாஷிங்டன் கையில் ஏற்கெனவே ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று யோசித்து இரண்டு தாள் வீணாயிற்று. உங்களுக்கும் ஆகும், கூடுதலாகவே தாள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.